தாத்தாவின் தகரப்பெட்டியும் அடிவாரத்துத் தீட்சையும்

பண்ணைக்காட்டிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். சுருக்கமாக அவர் கேட்டது இது. வீட்டுக்கு ஓடு மாற்றும்போது பரணிலிருந்து தாத்தாவின் தகரப்பெட்டி இறங்கியது. உள்ளே ஓர் உருத்திராட்ச மாலை, திருநீற்றுப் பை, வெள்ளிச் சம்புடத்தில் கட்டைவிரல் நுனி அளவுக்கு ஒரு லிங்கம். "உங்க தாத்தா தீட்சை வாங்கினவர்" என்பதற்கு மேல் பாட்டி ஒன்றும் சொல்ல மாட்டேன் என்கிறார். இந்தச் சமயம் பார்த்து, பழனி அடிவாரத்தில் ஒருவர் 'தாந்திரிக தீட்சை' தருகிறேன் என்று பெரிய தொகை கேட்டிருக்கிறார். இரண்டும் ஒன்றா, தாந்திரிகம் என்றால் ஆபத்தா, கறி விட வேண்டுமா, அக்காவுக்கும் உண்டா, இந்தப் பெட்டியை என்ன செய்வது?

முதல் கேள்விக்கு நேர் பதில்: தாத்தா வாங்கியதுதான், தம்பி, தாந்திரிக தீட்சை. அடிவாரத்தில் உங்களுக்குச் சொன்னது என்ன என்பதற்குப் பிறகு வருகிறேன்.

தந்திரம் என்ற சொல்தான் நம்மைப் பயமுறுத்துகிறது. நரித்தந்திரம், தந்திரக்காரன் என்று பேசிப் பேசி அதைச் சூழ்ச்சி ஆக்கிவிட்டோம். அப்புறம் சினிமா வந்து மண்டை ஓட்டையும் எலுமிச்சம்பழத்தையும் சேர்த்துவிட்டது. ஆனால் திருமந்திரத்தின் ஒன்பது பகுதிகளுக்கும் பெயரே தந்திரம்தான்: முதல் தந்திரம், இரண்டாம் தந்திரம் என்று ஒன்பது. வடமொழியில் ஆகமம் என்பதும் தந்திரம் என்பதும் பெரும்பாலும் ஒரே நூலைக் குறிக்கும் இரண்டு சொற்கள். காமிகம், காரணம் தொடங்கி 28 சிவாகமங்கள் என்கிறோமே, அவை எல்லாம் தந்திர நூல்கள். அவற்றின்படி கட்டிய கோயிலில், அவற்றின்படி தீட்சை பெற்றவர் கையால்தான் திருநீறு வாங்கி நெற்றியில் பூசுகிறோம். கொடைக்கானல் குறிஞ்சியாண்டவர் கோயிலுக்குப் பின்னால் நின்றால் மேகம் விலகும்போது கீழே பழனி மலை தெரியும். அங்கே ஆறுகாலமும் தண்டாயுதபாணியைத் தொட்டுப் பூசிக்கும் குருக்களும் தீட்சை முடித்து, கடைசியாக, குருவாக அமர்த்தும் ஆசாரிய அபிஷேகமும் பெற்ற பிறகே கருவறைக்குள் போக வேண்டும் என்பது ஆகம விதி. நம் ஊர் விருப்பாச்சி வாழைப்பழம் பஞ்சாமிர்தமாகி அவர் கை வழியாகத்தான் சாமிக்குப் போகிறது.

சரி, தீட்சை எதற்கு? சாமி கும்பிட்டால் போதாதா?

இங்கேதான் சைவ சித்தாந்தம் கொஞ்சம் விசித்திரமான ஒரு நிலையை எடுக்கிறது. எனக்குப் பிடித்த இடமும் இதுதான். உயிரைக் கட்டியிருக்கும் ஆணவ மலம் வெறும் அறியாமையோ தப்பான எண்ணமோ கிடையாது. அது ஒரு பொருள் என்கிறார்கள். கண்ணில் வளரும் படலம் மாதிரி. என் அம்மாவுக்குக் கண்புரை முற்றியபோது, தன் கண்ணில் புரை இருக்கிறது என்று அவருக்கு நன்றாகத் தெரியும். எந்த டாக்டர் எந்தக் கண்ணுக்கு என்ன சொன்னார் என்பது வரைக்கும் சொல்வார். தெரிந்து என்ன பயன்? அடுப்பில் பால் பொங்குவது தெரியவில்லை. கத்தி எடுத்து ஒருவர் அதை நீக்க வேண்டியிருந்தது. பழைய சைவ ஆசிரியர்களும் இதே கண் படல உவமையைத்தான் சொல்கிறார்கள்: பொருளாக இருப்பதை அறிவு நீக்காது, செயல்தான் நீக்கும். அந்தச் செயலுக்குப் பெயர் தீட்சை. தமிழ் நூல்கள் செம்பில் ஏறிய களிம்பைச் சொல்லும். செம்புக் குடம் களிம்பேறி இருக்கிறது என்று எவ்வளவு நேரம் யோசித்தாலும் பளபளக்காது. புளி போட்டுத் தேய்க்க வேண்டும்.

தீட்சை என்ற சொல்லுக்கே 'கொடுப்பது, அழிப்பது' என்று இரண்டு பாதியாகப் பொருள் சொல்வார்கள். ஞானத்தைக் கொடுக்கும், மலத்தை அழிக்கும். தமிழில் தீக்கை.

இதன் செய்முறையை 11-ஆம் நூற்றாண்டில் சோமசம்புவும், 1157-ல் அகோரசிவாசாரியாரும் பத்ததிகளாக எழுதி வைத்தார்கள். பத்ததி என்றால் அடுத்தடுத்து என்ன செய்ய வேண்டும் என்கிற கையேடு. தமிழ்நாட்டுச் சிவாசாரியார்கள் இன்றும் பெரும்பாலும் அகோரசிவர் வழிதான் போகிறார்கள். படிகள் மூன்று: சமயம், விசேடம், நிர்வாணம். கடைசிப் பெயரைக் கேட்டுச் சிரிக்க வேண்டாம், ஆடை சம்பந்தப்பட்டது அல்ல. விடுதலை என்று பொருள்.

சமய தீட்சையில் முதலில் கண்ணைத் துணியால் கட்டுவார்கள். மண்டலம் என்கிற வரைந்த கோலத்தின் முன்னால் கூட்டிப்போய் நிறுத்தி, கையில் பூவைக் கொடுத்துப் போடச் சொல்வார்கள். ஈசானம், தத்புருடம், அகோரம், வாமதேவம், சத்தியோசாதம் என்ற சிவனுடைய ஐந்து முகங்களில் எதன் இடத்தில் பூ விழுகிறதோ அதை வைத்துத் தீட்சைப் பெயர். பிறகு கட்டை அவிழ்ப்பார்கள். குரு தன் கையைச் சிவனுடைய கையாகப் பாவித்துத் தலையில் வைப்பார். இதற்குச் சிவஹஸ்தம் என்று பெயர். காதில் ஐந்தெழுத்து. விசேட தீட்சை ஒரு மறுபிறப்பு. உயிரை வாகீசுவரி என்ற தேவியின் கருவில் வைத்து, கருவுறுதல் முதல் பிறப்பு வரையான சடங்குகளை அக்கினியின் முன்னால் செய்து, சிவனுக்கும் சக்திக்கும் பிள்ளையாகப் பிறப்பிப்பது. அதன்பின் சிவபூசை செய்யும் உரிமை வரும். தாத்தாவின் சம்புடத்து லிங்கம் இந்தப் படியில் வந்திருக்க வேண்டும்.

நிர்வாண தீட்சையைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன், அதன் அழகு விவரத்தில்தான் இருக்கிறது. இதற்கு முந்தின நாளே வேலை தொடங்கிவிடும். சீடன் பல் துலக்கின குச்சியை எறிவான். அது விழும் திசையை வைத்து நிமித்தம் பார்ப்பார்கள். இரவு யாகசாலையிலேயே படுக்க வைப்பார்கள். விடிந்ததும் குரு கேட்பது: என்ன கனவு கண்டாய்? கெட்ட கனவு என்றால் பரிகார ஹோமம். அப்புறம் திரித்த நூல் ஒன்று. சீடனின் குடுமியில் ஒரு முனை, கால் பெருவிரலில் மறுமுனை; உடம்பு நெடுக அது தொங்கும். பாச சூத்திரம் என்று அதற்குப் பெயர். சீடனின் உடம்புக்கு நடுவே ஓடுவதாகச் சொல்லும் சுழுமுனை நாடியே இப்போது அந்த நூல். நிவிர்த்தி, பிரதிட்டை, வித்தை, சாந்தி, சாந்தியதீதை என்ற ஐந்து கலைகளை அதில் இடம் குறித்துக் கட்டுவார்கள். இந்த ஐந்துக்குள் 36 தத்துவங்களும் 224 புவனங்களும் அடக்கம். அதாவது ஓர் உயிர் போய்ப் பிறக்கக்கூடிய அத்தனை உலகமும் அந்த நூலுக்குள்.

பிறகு ஒவ்வொரு கலையாக எடுப்பார்கள். அந்த உலகங்களில் இந்த உயிர் எடுக்க வேண்டிய பிறவிகள் எல்லாம் ஒரே நேரத்தில் பிறந்து, அனுபவித்து, தீர்ந்துபோவதாக மந்திரத்தால் பாவித்து ஆகுதி கொடுத்து, நூலில் அந்தப் பகுதியை அறுத்து நெருப்பில் போடுவார்கள். ஐந்தும் தீர்ந்தபின் குடுமி நுனியையும் கத்தரித்து நெருப்பில் இடுவார்கள். கடைசியில் குரு அந்த உயிரைத் தன்னோடு சேர்த்து மேலே கொண்டுபோய்ச் சிவத்தோடு கூட்டுவார்.

ஒரு கணக்கு மட்டும் மிச்சம் வைக்கப்படும். சேர்த்து வைத்த சஞ்சிதம் எரிந்தது. இனி வரும் ஆகாமியம் ஒட்டாது. இந்த உடம்பை நடத்திக்கொண்டிருக்கும் பிராரத்தத்தை மட்டும் தொடமாட்டார்கள். ஏனென்றால் அதையும் எரித்தால் உடம்பு அப்போதே விழுந்துவிடும். அப்படிச் செய்வதற்கும் விதி உண்டு, சத்தியோ நிர்வாணம் என்று. சாகும் தறுவாயில் இருப்பவர்களுக்கானது அது. இவ்வளவு கறாராக வினைக்கணக்கு எழுதின மதம் வேறு இருக்கிறதா என்று எனக்குச் சந்தேகம்.

இதெல்லாம் நம்பும்படி இருக்கிறதா என்று நீங்கள் நினைக்கலாம். 7-ஆம் நூற்றாண்டிலேயே பௌத்தரான தர்மகீர்த்தி இதைக் கேலி செய்திருக்கிறார். தீட்சை மந்திரத்துக்குச் சக்தி உண்டு, அதைச் செலுத்தினால் விதை கூட முளைக்காது என்று சைவர் தரப்பு வாதம். தர்மகீர்த்தியின் பதில்: எண்ணெய் பூசினாலும் நெருப்பில் வாட்டினாலும்தான் விதை முளைக்காது, அப்படியானால் எண்ணெய் தேய்த்துக்கொண்டால் மோட்சமா? தீட்சைக்கு முன்னும் பின்னும் ஆளைத் தராசில் நிறுத்திப் பாவம் குறைந்ததைக் காட்டும் வழக்கமும் இருந்திருக்கிறது. துலா தீட்சை என்று அதற்குப் பெயர். பாவத்துக்கு ஏது எடை என்று அதையும் அவர் விடவில்லை. காஷ்மீரத்து அபிநவகுப்தர் தந்திராலோகத்தில் இந்தத் தராசுக்கும் வறுத்த விதைக்கும் இடம் கொடுத்திருக்கிறார். நம்பிக்கை குறைவானவர்களுக்குக் கண்ணால் காட்டத்தான் இது என்பது அவர் தரப்பு. நான் பூம்பாறையில் பூண்டு போடுகிறவன். விதைப்பூண்டு முளைக்காமல் போவதற்குத் தீட்சை தேவையில்லை, ஒரு வாரம் விடாமல் மழை பெய்தால் போதும் என்று எனக்கும் தெரியும். ஆனாலும் நான் சமயமும் விசேடமும் வாங்கியவன்தான்.

அது நடந்து முப்பது வருஷம் இருக்கும். கீழே தஞ்சாவூர்ப் பக்கத்து மடம் ஒன்றில், இருபது பேருக்கு ஒரே காலையில். நான் ஏதோ பெரிய மின்னல் அடிக்கப்போகிறது என்று எதிர்பார்த்துப் போயிருந்தேன். ஈர வேட்டி, ஹோமப் புகை, பசி. கண்ணைக் கட்டியதும் பக்கத்திலிருந்தவர் மூச்சு விடும் சத்தம்தான் பெரிதாகக் கேட்டது. பூவைப் போட்டேன், ஏதோ தாம்பாளத்தில் பட்டு விழுந்த மாதிரி இருந்தது. தலைமேல் கை வந்தபோது நான் கவனித்தது, அந்தக் கை சூடாக இருந்தது என்பதை மட்டும்தான். அவ்வளவுதான். மலைக்குத் திரும்பி மறுநாள் விடியற்காலை நாலரைக்குப் பச்சைத்தண்ணீரில் குளித்து, பதினாறு இடத்தில் திருநீறு இட்டு உட்கார்ந்தபோதுதான் எதில் மாட்டியிருக்கிறோம் என்று புரிந்தது. பூம்பாறையில் மார்கழிக் காலையில் வாளித் தண்ணீர் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

சடங்கு ஒரு காலை; நித்திய அனுட்டானம் ஆயுசுக்கும். நூல்களே இதைத் தெளிவாகப் பிரிக்கின்றன. சபீசம் என்பது பின்னால் கடமைகளோடு வரும் தீட்சை. நிர்ப்பீசம் கடமை இல்லாதது. குழந்தைகள், முதியவர்கள், நோயாளிகள் என்று அனுட்டானம் செய்ய முடியாதவர்களுக்கானது. திடகாத்திரமான ஆளுக்கு ஒன்றும் செய்ய வேண்டாம், பலன் மட்டும் வரும் என்று ஒருவர் சொன்னால் அவர் எந்த ஆகமத்திலிருந்து பேசுகிறார் என்று கேளுங்கள்.

எல்லாத் தீட்சையும் ஹோமம் வைத்து நடப்பதில்லை. சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியார் ஏழு வகை சொல்கிறது: பார்வையால், தொடுகையால், சொல்லால், மனத்தால், சாத்திரத்தால், யோகத்தால், பிறகு ஹோமத்தோடு கூடிய ஔத்திரி. இதில் முதல் இரண்டுக்கும் மனத்தால் தருவதற்கும் குலார்ணவ தந்திரம் என்ற கௌல நூல் சொல்லும் உவமை அருமையானது. பறவை சிறகால் அணைத்துக் குஞ்சை வளர்ப்பது தொடுகை. மீன் பார்த்தே வளர்ப்பது பார்வை. ஆமை எங்கோ இருந்துகொண்டு முட்டையை நினைத்தே வளர்ப்பது மனம். ஆமை நிஜமாக அப்படிச் செய்யுமா என்று உயிரியல் வாத்தியாரிடம் கேட்காதீர்கள்.

சக்தியை வழிபடும் சாக்தத்தில் வழி வேறு. அதில் ஒரு வழியான ஸ்ரீவித்யையில் பெரும்பாலும் பாலா என்ற தேவியின் மூன்றெழுத்து மந்திரத்தில் தொடங்கி, பதினைந்து எழுத்துப் பஞ்சதசி, அதற்கு மேல் சோடசி என்று ஏற்றுவார்கள், முடிவில் பூர்ணாபிஷேகம். பெயரின் பின்னால் ஆனந்தநாதர் சேரும். காவிரிக்கரையில் வாழ்ந்த பாஸ்கரராயரின் தீட்சைப் பெயர் பாசுரானந்தநாதர். முத்துசுவாமி தீட்சிதர் இதே வித்தையின் உபாசகர். நவராத்திரியில் நாம் கேட்கும் கமலாம்பா நவாவரணம் ஸ்ரீசக்கரத்தின் ஒன்பது சுற்றுகளை ஒவ்வொன்றாகக் கடக்கும் பூசைதான். மது, மாமிசம் எல்லாம் தந்திரத்தில் உண்டாமே என்பீர்கள். உண்டு. கௌலம் என்ற சாக்தப் பிரிவின் நூல்களில் இருக்கிறது, மறைத்துப் பேச ஒன்றுமில்லை. அதுவும் பல படி தாண்டியவர்களுக்கு, கடுமையான நிபந்தனைகளோடு. சைவ சித்தாந்தத் தீட்சைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

இப்போது அடிவாரத்து ஆளுக்கு வருவோம். உங்களிடம் அவர் சொன்னது: ஒரே அமர்வில் குண்டலினி ஏற்றி, போகர் வழியில் தீட்சை, உடம்பு நடுங்கினால் வேலை செய்கிறது என்று அர்த்தம். போகர் பெயரைப் பழனியில் சொன்னால் யாருக்குத்தான் கை கூப்பத் தோன்றாது? எங்கள் பூம்பாறைக் குழந்தை வேலப்பரையும் அவர் செய்ததாகத்தான் சொல்கிறோம். ஆனால் நடுக்கத்தை வைத்து ஏமாற வேண்டாம். வேத தீட்சையின் (நான்கு வேதம் அல்ல, ஊடுருவுவது என்ற பொருள்) அடையாளங்களாக ஆனந்தம், நடுக்கம், சுழற்சி, உறக்கம், மயக்கம் என்றெல்லாம் குலார்ணவம் சொல்வது உண்மை. அதே நூல்தான், சீடனின் பணத்தைப் பறிக்கும் குரு நிறைய, துயரத்தைப் பறிக்கும் குரு அரிது என்றும் சொல்கிறது. தைப்பூசத்தில் காவடி எடுக்கும்போது நம்மில் பாதிப் பேருக்கு உடம்பு நடுங்கத்தான் செய்கிறது. யாரும் ரசீது போடுவதில்லை. என் இளவயதில் இப்படி ஒருவரிடம் ஒரு மாதச் சம்பளத்தைக் கொடுத்து மூன்று நாள் தலைவலியோடு திரும்பியவன் நான், அதனால் கொஞ்சம் காட்டமாகவே சொல்கிறேன். உங்கள் குருவுக்குக் குரு யார், தினமும் நான் என்ன செய்ய வேண்டும், இந்த இரண்டையும் கேளுங்கள். பதில் வழவழவென்று வந்தால் படியேறிச் சாமி கும்பிட்டுவிட்டு பஸ் பிடித்து ஊர் வந்து சேருங்கள்.

கறி விஷயம்: மடங்களில் சைவ உணவு கட்டாயம் என்றே கேட்பார்கள். கார்த்திகைக்கும் சஷ்டிக்கும் மட்டும் விடுவது போதாது. இப்போது விட முடியவில்லை என்றால் தீட்சையைத் தள்ளிப் போடுங்கள், பொய் சொல்லி வாங்க வேண்டாம்.

அக்காவுக்கு உண்டா என்றால், உண்டு. நகரத்தார் வழக்கத்தைப் பாருங்கள்: ஆண்கள் பாதரக்குடி மடத்திலும் பெண்கள் துலாவூர் மடத்திலும் உபதேசம் கேட்பார்கள். அதே நகரத்தார்தான் வருஷா வருஷம் காவடியோடு நடந்தே பழனிக்கு வருகிறார்கள். சாதியைப் பொறுத்தவரை நூல் ஒன்று சொல்லும், ஊர் ஒன்று செய்யும். நான்கு வருணத்தாருக்கும் தீட்சை உண்டு என்பது ஆகமம். சுவச்சந்த தந்திரம் இன்னும் ஒரு படி மேலே போய், தீட்சை பெற்றவர்கள் எல்லாரும் ஒரே குலம், பழைய சாதியைச் சொன்னால் அதற்குப் பிராயச்சித்தம் என்கிறது. நடைமுறையில் எந்த மடம் யாருக்கு என்பது எல்லாருக்கும் தெரியும். எல்லாச் சாதியினரும் அர்ச்சகர் ஆகலாம் என்ற 2006 அரசாணைக்குப் பின் தொடங்கிய பயிற்சிப் பள்ளிகளில் ஒன்று பழனியில்தான் இருந்தது. அந்த வழக்குகளில் எவ்வளவோ பேசினார்கள். கருவறைக்குள் நுழையும் உரிமை பிறப்பால் வருகிறதா, தீட்சையால் வருகிறதா என்பதுதான் அடியில் கிடந்த கேள்வி. என் கட்சி எது என்று இதற்குள் உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

கடைசியாகப் பெட்டி. பாட்டியிடம் 'தீட்சை என்றால் என்ன' என்று கேட்காதீர்கள், சொல்ல மாட்டார். மந்திரத்தை வெளியே சொல்லக் கூடாது என்று அவருக்குச் சொல்லி வைத்திருப்பார்கள். 'தாத்தாவுக்குக் கடைசிக் காரியம் யார் வந்து செய்தார்கள்' என்று கேளுங்கள். தீட்சை பெற்றவர் இறந்தால் உடலை வைத்து அந்தியேட்டி என்று ஒன்று செய்வார்கள். வாழ்நாளில் நேர்ந்த குற்றம் குறைகளைத் தீர்க்க, தீட்சையையே இன்னொரு முறை நடத்துவது மாதிரி. அதற்கு வந்தவர் எந்த ஊர்த் தேசிகர், அதாவது குரு, என்று தெரிந்தால் எந்த மடம் என்று தெரிந்துவிடும்.

தாத்தா உருவேற்றிய மாலையை வேறொருவர் ஜபத்துக்கு எடுப்பதில்லை. சாமி படத்தடியில் வைக்கலாம். லிங்கம் அவருடைய ஆன்மார்த்த பூசைக்கு, அதாவது தனக்காகத் தானே செய்யும் பூசைக்கு, உரியது. உங்களில் ஒருவர் முறையாகத் தீட்சை பெற்றால் பூசையைத் தொடரலாம்; இல்லையென்றால் அந்த மடத்திலேயே ஒப்படைத்துவிடலாம். அவசரமில்லை, இத்தனை வருஷம் பரணில் இருந்தாயிற்று. ஆனால் உங்கள் ஊரில் இப்போது சாரல்; தகரத்துக்குள் ஈரம் இறங்கி உருத்திராட்சம் கோத்த நூல் இற்றுப்போகும். உலர்ந்த துணியில் சுற்றி மரப்பெட்டிக்கு மாற்றுங்கள். திருநீற்றுப் பையை மட்டும், அழுக்காக இருக்கிறதே என்று யாரும் துவைத்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.